எகிப்தில் கல்லீரல் அழற்சி சி நோயின் வரலாறு

எகிப்தில் கல்லீரல் அழற்சி சி நோயின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றில் தனி இடம் பெற்றதாகும். நத்தைகளால் பரவும் பில்ஹார்சியா என்னும் புழு நோயை ஒழிக்க அந்நாட்டு அரசு பல பத்தாண்டுகள் ஊசி மருந்து இயக்கம் நடத்தியது. அக்காலத்தில் யாரும் அறிந்திராத ஒரு வைரஸ் அந்த ஊசிகளின் வழியாகவே மக்களிடையே பரவியது. இதனால் உலகிலேயே கல்லீரல் அழற்சி சி மிகுதியாகக் காணப்பட்ட நாடாக எகிப்து ஆனது. பின்னர் 2014 முதல் 2022 வரையான குறுகிய காலத்தில் அந்நோயைப் பெருமளவு கட்டுப்படுத்திய நாடும் எகிப்துதான்.

நோயின் தன்மை

கல்லீரல் அழற்சி சி, ஹெபடைட்டிஸ் சி வைரஸால் உண்டாகும் தொற்றுநோய். இவ்வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்துதல், பரிசோதிக்கப்படாத இரத்தத்தை ஏற்றுதல், சரியாகத் தூய்மை செய்யப்படாத பல் மருத்துவ மற்றும் அறுவைக் கருவிகளைப் பயன்படுத்துதல் ஆகியவை இதன் முக்கிய வழிகள். உணவு, குடிநீர், தொடுதல் ஆகியவற்றால் இது பரவுவதில்லை.

தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தோன்றாது. ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு ஆறு மாதத்திற்குள் வைரஸ் தானாகவே நீங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு அது நாட்பட்ட நோயாக நிலைக்கிறது. இவர்களின் கல்லீரலில் அழற்சி மெதுவாகத் தொடர்கிறது. சிதைந்த திசுக்களின் இடத்தில் நார்த்திசு வளர்கிறது. இருபது ஆண்டுகளுக்குள் இவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் சுருங்கிக் கரடுமுரடாகும் நிலை உண்டாகிறது. இதுவே கல்லீரல் இழைநார் வளர்ச்சி அல்லது சிர்ரோசிஸ் எனப்படுகிறது. பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1819இல் உருவாக்கியவர், மார்பொலிமானியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்.

இறுகிய கல்லீரலுக்குள் இரத்தம் எளிதில் பாய முடிவதில்லை. ஆகவே குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் வாயிற்சிரையில் அழுத்தம் உயர்கிறது. இந்த அழுத்தத்திலிருந்தே பல சிக்கல்கள் தோன்றுகின்றன. வயிற்றில் நீர் கோத்து வயிறு பெருக்கிறது. இதைப் பழைய தமிழ் மருத்துவ நூல்கள் மகோதரம் என்கின்றன. மண்ணீரல் வீங்குகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைத்து, சில வேளை வெடித்து, நோயாளி இரத்த வாந்தி எடுக்கிறார். கல்லீரல் நீக்க வேண்டிய நச்சுப் பொருட்கள் மூளையை எட்டுவதால் மனக்குழப்பமும் மயக்கமும் ஏற்படுகின்றன. நீண்ட காலம் கழித்துக் கல்லீரல் புற்றுநோயும் தோன்றக்கூடும்.

தொற்று ஏற்படும் நாளுக்கும் சிக்கல்கள் தெரியும் நாளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் உள்ளன. எகிப்தின் துயரத்தைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளி முக்கியமானது.

நைல் நதியும் பில்ஹார்சியாவும்

பில்ஹார்சியா எகிப்தின் மிகப் பழைய நோய்களுள் ஒன்று. இருபதாம் அரச மரபைச் சேர்ந்த மம்மிகளின் சிறுநீரகங்களில் இப்புழுவின் முட்டைகள் இருப்பதை மார்க் அர்மாண்ட் ரஃபர் 1910இல் வெளியிட்டார். நோய்க்குக் காரணமான புழுவை 1851இல் கெய்ரோவின் கஸ்ர் அல்-ஐனி மருத்துவமனையில் கண்டறிந்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற செருமானிய மருத்துவர். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. சிஸ்டோசோமியாசிஸ் என்பது இதன் அறிவியற் பெயர்.

இப்புழுவின் வாழ்க்கையில் நன்னீர் நத்தை இன்றியமையாதது. மனிதக் கழிவோடு நீரில் சேரும் முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம் உயிரிகள் நத்தைக்குள் புகுந்து பெருகுகின்றன. பின்னர் அவை நீரில் நீந்தி, அதில் இறங்கும் மனிதரின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்கின்றன. எகிப்தில் நத்தைக்கு இருக்கும் இப்பங்கை 1915இல் ராபர்ட் லீப்பர் நிறுவினார்.

நோய் பெருகியதற்குப் பாசன முறையில் ஏற்பட்ட மாற்றமும் காரணம். முற்காலத்தில் நைல் வெள்ளம் ஆண்டுக்கு ஒருமுறை வயல்களை நிரப்பி வடிந்துவிடும். பின்னர் நிலம் காய்ந்து நத்தைகள் பெருமளவு மடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்திச் சாகுபடிக்காக ஆண்டு முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. 1902இல் அசுவானில் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் இம்முறை மேலும் விரிந்தது. நத்தைகளுக்கு நிலையான வாழிடமும், வாய்க்காலில் வேலை செய்த உழவர்களுக்கும் குளித்து விளையாடிய சிறுவர்களுக்கும் நிலையான தொற்றும் கிடைத்தன. சிறுநீரில் இரத்தம் வருவது பல கிராமங்களில் சிறுவர் வளர்ச்சியின் இயல்பான ஒரு கட்டமாகவே கருதப்பட்டது.

நோயின் மற்றொரு வகை குடலையும் கல்லீரலையும் தாக்கும். இவ்வகையில் கல்லீரலுக்குள் செல்லும் நாளங்களைச் சுற்றி நார்த்திசு படிவதைக் கெய்ரோவில் பணியாற்றிய சிம்மர்ஸ் 1904இல் விவரித்தார். இதிலும் வாயிற்சிரை அழுத்தம் உயரும், மண்ணீரல் வீங்கும், இரத்த வாந்தி வரும். அரபு உலகம் போற்றிய பாடகர் அப்தல் ஹலீம் ஹாபெஸ் சிறுவயதில் பில்ஹார்சியாவுக்கு ஆளானவர். பல ஆண்டுகள் கல்லீரல் நோயோடும் இரத்தக் கசிவோடும் போராடி, 1977 மார்ச் 30 அன்று இலண்டனில் இறந்தார்.

ஊசி மருந்து இயக்கம்

1918இல் கார்ட்டூமில் பணியாற்றிய கிறிஸ்டோபர்சன், டார்ட்டர் எமெட்டிக் என்னும் ஆன்டிமனி உப்பைச் சிரை வழியே செலுத்தினால் பில்ஹார்சியா குணமாகிறது என்று அறிவித்தார். அதுவரை மருந்தில்லாதிருந்த நோய்க்கு இது பெரும் நம்பிக்கை அளித்தது. எகிப்தில் 1920களிலிருந்து இம்மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 1950களில் அரசின் பெருந்திரள் இயக்கங்கள் தொடங்கின.

மருந்து ஒரே ஊசியில் முடிவதில்லை. பல வாரங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். வாந்தியும் இருமலும் உண்டாக்கும் மருந்தாதலால் பலர் இடையில் நின்றுவிட்டனர். மீண்டும் வாய்க்காலில் இறங்கியவர்களுக்கு மீண்டும் தொற்றியது. அடுத்த முறை மீண்டும் ஊசி. 1964 முதல் 1982 வரை ஆண்டுதோறும் சராசரியாக 2,50,000 பேருக்கு 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பரவலாகாத காலம் அது. கண்ணாடிக் குழலும் உலோக ஊசியும் கழுவப்பட்டு, கொதிநீரில் போடப்பட்டு, அடுத்தவருக்குப் பயன்பட்டன. வரிசை நீளமாக இருந்ததால் கொதிக்க வைக்கும் நேரம் குறைந்தது. 1960களில் இப்பணியை நேரில் பார்த்த வெளிநாட்டு மருத்துவர் ஒருவர், ஒரு மணி நேரத்திற்குள் 500க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டதைப் பதிவு செய்தார். அவர் அதைக் குறையாகக் கூறவில்லை. மருத்துவரின் திறமையாகவே வியந்து எழுதினார்.

1980களில் பிராசிகுவாண்டெல் என்னும் மாத்திரை வந்தது. வாயால் விழுங்கும் இம்மருந்து ஊசிகளின் இடத்தைப் பிடித்தது. பில்ஹார்சியா வேகமாகக் குறைந்தது. ஆயினும் கல்லீரல் நோயால் மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை குறையவில்லை.

பெயரில்லாத வைரஸ்

ஊசியால் மஞ்சள் காமாலை பரவக்கூடும் என்பது அக்காலத்தில் முற்றிலும் அறியப்படாத செய்தி அல்ல. 1942இல் மனிதக் குருதிநீர் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ 50,000 பேருக்குக் காமாலை கண்டது. ஆயினும் காரணமான கிருமிகள் எவை என்று யாரும் காணவில்லை. 1960களில் புளூம்பெர்க் கண்டறிந்த ஆஸ்திரேலியா எதிர்ப்பொருள் கல்லீரல் அழற்சி பி வகையை அடையாளம் காண உதவியது. 1973இல் ஏ வகை வைரஸ் நுண்ணோக்கியில் காணப்பட்டது.

அதன் பின்னரும் குருதியேற்றம் பெற்ற பலருக்குக் காமாலை வந்துகொண்டிருந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் அவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து, இது ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்று 1975இல் அறிவித்தனர். பதினான்கு ஆண்டுகள் அந்நோய் 'ஏ அல்லாத பி அல்லாத' கல்லீரல் அழற்சி என்றே அழைக்கப்பட்டது. 1989இல் சைரன் நிறுவனத்தின் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரும் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் டேனியல் பிராட்லியும் வைரஸின் மரபுத்துண்டைப் பிரித்தெடுத்தனர். அவ்வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கப் போதும் என்பதைச் சார்லஸ் ரைஸ் 1997இல் மெய்ப்பித்தார். ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வைரஸுக்கான இரத்தப் பரிசோதனை 1990களின் தொடக்கத்தில் எகிப்தை எட்டியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குருதிக்கொடை அளிக்க வந்த நலமானவர்களிடமே தொற்று பெருமளவில் காணப்பட்டது. அதுவரை பில்ஹார்சியாவின் பின்விளைவு என்று கருதப்பட்ட கல்லீரல் நோய்களில் பெரும்பகுதிக்கு உண்மைக் காரணம் இந்த வைரஸ் என்பதை மருத்துவர்கள் உணர்ந்தனர். இரு நோய்களும் ஒரே மக்களிடம், ஒரே உறுப்பில், ஒத்த அறிகுறிகளோடு தோன்றியதால் ஒன்று மற்றொன்றை மறைத்திருந்தது.

காரணம் நிறுவப்படுதல்

பழைய ஊசி இயக்கத்திற்கும் புதிய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரை 2000இல் லான்செட் இதழில் வெளியானது. அதன் வாதம் எளிமையானது. எந்த வட்டாரத்தில், எந்த வயதினர் மிகுதியாக ஊசி போட்டுக்கொண்டனரோ அவர்களிடமே வைரஸும் மிகுதியாக இருந்தது. நைல் கழிமுகப் பகுதியில் விகிதம் உயர்ந்திருந்தது. பில்ஹார்சியா குறைவாக இருந்த கெய்ரோ, அலெக்சாந்திரியா நகரங்களில் தாழ்ந்திருந்தது. மாத்திரை வந்தபின் வளர்ந்த இளையோரிடம் மேலும் குறைவாக இருந்தது.

2003இல் வேறொரு வழியில் சான்று கிடைத்தது. வைரஸின் மரபுவரிசை காலப்போக்கில் மாறுகிறது. பலரிடமிருந்து எடுத்த வரிசைகளை ஒப்பிட்டால் அது எப்போது பெருகியது என்று கணக்கிடலாம். எகிப்தில் பெரிதும் காணப்படும் நான்காம் மரபுவகையை இவ்வாறு ஆராய்ந்தபோது, அது 1930க்கும் 1955க்கும் இடையே மிக வேகமாகப் பெருகியது தெரிந்தது. ஊசி சிகிச்சை பரவிய காலத்தோடு இது ஒத்துப்போனது.

ஊசி இயக்கம் முடிந்த பின்னும் தொற்று நிற்கவில்லை. ஏற்கெனவே நோயுற்ற இலட்சக்கணக்கானோரிடமிருந்து குருதியேற்றம், பல் மருத்துவம், சிறுநீரகக் குருதிச் சுத்திகரிப்பு, தேவையற்ற ஊசிகள் வழியாக அது அடுத்த தலைமுறைக்கும் சென்றது. 2008இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குட்பட்டோரில் 14.7 விழுக்காட்டினரிடம் வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது, 9.8 விழுக்காட்டினரின் இரத்தத்தில் வைரஸே இருந்தது.

இந்த இயக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் ஒரே முடிவு இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் இளவயது இறப்புக்கும் காரணமான ஒரு நோயிலிருந்து அது பலரைக் காத்தது. கண்ணாடி ஊசிகளை மீண்டும் பயன்படுத்துவது அப்போது உலகெங்கும் வழக்கம். ஆயினும் கொதிக்க வைப்பதற்கான சில நிமிடங்களை வரிசையின் வேகத்திற்காக விட்டுக்கொடுத்தது, அறியப்படாத வைரஸ் மட்டுமல்லாமல் அறியப்பட்ட காமாலையையும் பரப்பக்கூடிய செயலே. இன்று உலக நலவாழ்வு அமைப்பு வலியுறுத்தும் பாதுகாப்பான ஊசி விதிகளுக்கு எகிப்தின் அனுபவம் ஒரு முதன்மைச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

சிகிச்சையின் வளர்ச்சி

வைரஸுக்குப் பெயர் வருமுன்பே, 1986இல், இன்டர்பெரான் ஊசி சில நோயாளிகளுக்குப் பயன் தருவது அறியப்பட்டது. பின்னர் ரிபாவிரின் மாத்திரை அதனுடன் சேர்க்கப்பட்டது. சிகிச்சை பெரும்பாலும் 48 வாரங்கள் நீடித்தது. காய்ச்சல், மனச்சோர்வு, இரத்தச்சோகை போன்ற பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. அவ்வளவையும் தாங்கியவர்களிலும் பாதிப்பேர் அளவுக்கே குணமடைந்தனர். கல்லீரல் முற்றிலும் சீர்கெட்டவர்களுக்கு இம்மருந்தைக் கொடுக்கவும் இயலவில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே வழி கல்லீரல் மாற்று அறுவை. எகிப்தில் அது பெரும்பாலும் உறவினர் ஒருவர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுப்பதாகவே அமைந்தது.

எகிப்து அரசு 2006இல் வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுக்கான தேசியக் குழுவை அமைத்தது. நாடெங்கும் சிகிச்சை மையங்கள் திறக்கப்பட்டன. புதிய மருந்து வந்தபோது அதை மக்களிடம் சேர்க்க இந்த மையங்களே அடித்தளமாயின.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோபாஸ்புவிர் மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதியை நேரடியாகத் தடுக்கும் இம்மருந்து, பிற மருந்துகளோடு சேர்ந்து 12 வாரங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் தந்தது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கான விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர். எகிப்து அரசு கிலியட் நிறுவனத்தோடு பேசி, 28 நாள் மருந்தை 300 டாலருக்குப் பெற்றது. 2014 அக்டோபரில் சிகிச்சை தொடங்கியது. கல்லீரல் பாதிப்பு முற்றியவர்களுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. எகிப்தில் இம்மருந்துக்குக் காப்புரிமை வழங்கப்படாததால் உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் முழுச் சிகிச்சையின் விலை 100 டாலருக்குக் கீழ் இறங்கியது.

பத்துக் கோடி நலவாழ்வு இயக்கம்

2018க்குள் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். காத்திருந்தோர் பட்டியல் தீர்ந்தது. ஆனால் நோய் தீரவில்லை. எஞ்சியிருந்தவர்கள் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அவர்கள் தாமாக மருத்துவமனைக்கு வரப்போவதில்லை என்பதால், வயது வந்த அனைவரையும் பரிசோதிக்க அரசு முடிவு செய்தது.

'பத்துக் கோடி நலவாழ்வு' என்னும் பெயரில் 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கிய இவ்வியக்கம் ஏழு மாதங்கள் நடந்தது. மருத்துவமனைகள் மட்டுமன்றி நடமாடும் ஊர்திகள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், தொழிற்சாலைகள், இளைஞர் மன்றங்கள் ஆகிய இடங்களிலும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து விரைவுச் சோதனை செய்யப்பட்டது. அதே வரிசையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை ஆகியவையும் பார்க்கப்பட்டன. இலக்கான 6.25 கோடிப் பேரில் ஏறத்தாழ 4.96 கோடிப் பேர் பரிசோதனைக்கு வந்தனர். அவர்களில் 4.61 விழுக்காட்டினரிடம் பிறபொருளெதிரி இருந்தது. மேல்சோதனையில் இரத்தத்தில் வைரஸ் உறுதி செய்யப்பட்டவர்களில் 91.8 விழுக்காட்டினர் சிகிச்சையைத் தொடங்கினர். முடிவு தெரியவந்தவர்களில் 98.8 விழுக்காட்டினர் குணமடைந்தனர்.

மொத்தச் செலவு 20.71 கோடி டாலர். ஒரு நோயாளியைக் கண்டறிந்து குணமாக்க ஆன சராசரிச் செலவு ஏறத்தாழ 131 டாலர் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இத்தொகைக்கு ஒரு மாத்திரையில் ஏழில் ஒரு பங்கு கூடக் கிடைத்திருக்காது.

2022இல் எகிப்தில் நோயின் விகிதம் 0.38 விழுக்காடாகக் குறைந்தது. 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றிருந்தனர். கல்லீரல் அழற்சி சி ஒழிப்புப் பாதையில் 'தங்க நிலை'யை எட்டிய முதல் நாடாக 2023 அக்டோபரில் உலக நலவாழ்வு அமைப்பு எகிப்தை அறிவித்தது. நோயாளிகளில் 80 விழுக்காட்டினரைக் கண்டறிந்து, அவர்களில் 70 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை அளிப்பது இந்நிலைக்கான அளவுகோல். எகிப்து 87 விழுக்காட்டினரைக் கண்டறிந்து, அவர்களில் 93 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை அளித்திருந்தது.

எஞ்சியுள்ளவை

வைரஸ் நீங்குவதும் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. பாதிப்பு தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கு நார்த்திசு படிப்படியாகக் குறையலாம். இழைநார் வளர்ச்சி முற்றிய பின் மருந்து எடுத்துக் குணமானவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறதேயன்றி முற்றிலும் நீங்குவதில்லை. அவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மிகையொலிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியுள்ளது. பழைய ஊசிகளின் விளைவு இவ்வகையில் எகிப்தின் மருத்துவமனைகளில் இன்னும் சில காலம் தொடரும்.

இவ்வைரஸுக்கு இதுவரை தடுப்பூசி இல்லை. ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றக்கூடும். எனவே கருவித் தூய்மையும் குருதிப் பரிசோதனையும் தளர்ந்தால் நோய் திரும்பும். உலக அளவில் 2022இல் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தனர்; அவ்வாண்டு 2,42,000 பேர் இதனால் இறந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் இறப்புகள் தொடர்வதற்குக் காரணம், நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் அதை அறியாதிருப்பதே. மருந்தின் விலையைக் குறைத்ததோடு நில்லாமல், அறியாதவர்களைத் தேடிச் சென்றதனால்தான் எகிப்தில் நோயின் விகிதம் இவ்வளவு வேகமாகச் சரிந்தது.